போமட் அடிக்கக் கொடுக்கிறதுக்கு முதல் இதை வாசியுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நெடுங்கேணி, ஒலுமடு, மருதோடை, சேனைப்பிலவுப் பக்கம் பிள்ளைக்குப் புது லப்டொப் வாங்கின, வாங்கப்போகிற தாய் தகப்பன்மார் கட்டாயம் கடைசி வரைக்கும் வாசியுங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் கோபம் உங்கள் மேலே இல்லை.

புது லப்டொப் வீட்டு இன்டர்நெட்டோடு இணையவில்லை என்றால் நம்மட ஊரில் என்ன நடக்கிறது? முதலில் பிள்ளைக்கு ஏச்சு. "நீ என்னத்த அமத்தினாய்?" பிறகு லைன் தந்த கம்பனிக்கு ஒரு கோல். அவர்கள் "எங்கட பக்கம் பிரச்சினை இல்லை, உங்கட மெஷின்ல பாருங்க" என்பார்கள். பிறகு லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு புளியங்குளம் சுற்றி வவுனியா டவுனுக்கு பஸ் ஏறுவது. கடையில் திறந்து பார்த்து ஒரே ஒரு வசனம்: "போமட் அடிக்கணும்."

இந்த ஒரு வசனத்துக்கு எதிராகத்தான் இந்தப் பதிவு.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை. பல்கலைக்கழகம் கிடைத்தது என்று தாய் காப்பை அடகு வைத்து லப்டொப் எடுத்துக் கொடுத்தா. வீட்டில் வைபை பிடிக்கவில்லை. கொண்டுபோன கடையில் (பெயர் சொல்ல மாட்டேன், அந்த ஒரு கடை மட்டும் இப்படி இல்லை) 2,500 ரூபா வாங்கிக்கொண்டு போமட் அடித்தார்கள். லப்டொப்போடு வந்த ஒரிஜினல் விண்டோஸ் போனது. அதற்குப் பதிலாகக் கள்ள விண்டோஸ் 10 ஏறியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இப்போது வைபை என்ற அடையாளமே இல்லை. மறுபடி பஸ். மறுபடி காசு. மூன்றாவது தடவை "வைபை கார்ட் பழுது, மாத்தணும்" என்றார்கள். அந்தக் கார்டில் ஒரு பிழையும் இல்லை. புதிதாக வருகிற மீடியாடெக், ரியல்டெக் வைபை கார்டுகள் பலதுக்குத் தேவையான டிரைவர் விண்டோஸ் 10 க்குள் இல்லை. அதைத் தனியாகப் போட வேண்டும். போட்டவுடன் வேலை செய்தது. முழு நேரமும் பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிட வேலைக்கு அந்தக் குடும்பம் மூன்று பயணம், இரண்டு தரம் காசு கொடுத்தது. அதை விடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது. "எனக்கு இந்தச் சாமான் சரிவராது சேர், அண்ணாவே வச்சிருக்கட்டும்" என்று அந்தப் பிள்ளை சொன்னாள். படிப்பைத் தொடங்கும் முதலே, தன்னில் பிழை என்று நம்பிவிட்டாள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் ஐசிடி வாத்தியார் இல்லை. கணிதம் படிப்பிக்கிறவன். கணக்கில் படிமுறை காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் புள்ளி போட மாட்டேன். "போமட் அடிக்கணும்" என்பது படிமுறை இல்லாத விடை. என்ன பார்த்தீர்கள், எது பிழை, எதனால் போமட், இந்த மூன்றையும் சொல்ல முடியாதவருக்கு உங்கள் காசும் கொடுக்க வேண்டாம், லப்டொப்பும் கொடுக்க வேண்டாம்.

அந்தப் படிமுறை என்ன? யாரும் நமக்குச் சொல்லித் தராததை இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் போனைப் பாருங்கள்.
போனில் கார்ட் டேட்டாவை நிற்பாட்டிவிட்டு, அதே வீட்டு வைபையில் ஒரு வீடியோ போட்டுப் பாருங்கள். போனிலும் ஓடவில்லை என்றால் லப்டொப் நிரபராதி. பிழை ரவுட்டரிலோ, லைனிலோ, முடிந்துபோன டேட்டா பெக்கேஜிலோ இருக்கிறது. பைபர் லைன் என்றால் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற இடத்தில் சிவப்பு லைட் எரிகிறதா பாருங்கள். எரிந்தால் வயர் வழியே வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். அதைக் கம்பனிதான் வந்து திருத்த வேண்டும். சிம் போடும் 4ஜி ரவுட்டர் என்றால் சிக்னல் லைட்டைப் பாருங்கள், யன்னல் பக்கம் மாற்றி வையுங்கள். கரண்ட் போய் வந்தபின் ரவுட்டர் இறுகிப்போவதும் உண்டு. பிளக்கைக் கழற்றி அரை நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள்.

2. போனில் ஓடுகிறது, லப்டொப்பில் எந்த வைபையின் பெயருமே காட்டவில்லை.
விமானப் படம் போட்ட பட்டன் கீபோட்டின் மேல் வரிசையில் இருக்கும். அது தவறுதலாக அமத்துப்பட்டிருக்கலாம். அதை, அல்லது எப்.என். பட்டனோடு சேர்த்து அதை, ஒரு தரம் அமத்துங்கள். அதற்கும் வராமல், செட்டிங்கில் வைபை என்ற பகுதியே இல்லை என்றால் டிரைவர் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். டிரைவர் என்பது கார்டோடு எப்படிக் கதைப்பது என்று விண்டோஸுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒரு சின்ன மென்பொருள். அது இல்லாவிட்டால் கார்ட் நல்லா இருந்தும் ஊமை.

3. பக்கத்து வீட்டு வைபை காட்டுகிறது, நம்மட வைபை மட்டும் காட்டவில்லை.
ரவுட்டர்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் ஓடும். 5 வேகம் கூட, ஆனால் சுவர் தாண்டிப் போகிற பலம் குறைவு. ரவுட்டர் இருக்கிற அறைக்கே லப்டொப்பைக் கொண்டுபோய்ப் பாருங்கள். 2.4 இல் ரவுட்டர் 12 ஆம், 13 ஆம் சனலில் நின்றாலும் சில லப்டொப்களுக்கு அது தெரியாது. ரவுட்டர் செட்டிங்கில் 1, 6, 11 இல் ஒன்றுக்கு மாற்றினால் தெரியும்.

4. பெயர் காட்டுகிறது, பாஸ்வேர்டை ஏற்கவில்லை.
ரவுட்டரின் அடியில் ஒட்டியிருப்பது கம்பனி போட்ட பாஸ்வேர்ட். பிறகு யாராவது மாற்றியிருக்கலாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பாருங்கள். பூச்சியமும் "ஓ" எழுத்தும் மாறுபடும். பாஸ்வேர்ட் அடிக்கும் பெட்டியில் கண் படத்தை அமத்தினால் அடித்தது தெரியும். பழைய பாஸ்வேர்ட் லப்டொப்பில் பதிந்திருந்தால் அந்த வைபை பெயரை அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். பக்கத்து வீட்டார் களவாகப் பாவிக்கக் கூடாதென்று ரவுட்டரில் முன்பு யாராவது பூட்டுப் போட்டிருந்தால், புது லப்டொப்பும் அந்தப் பூட்டில் மாட்டும்.

5. "கனெக்டட்" என்கிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை.
முதலில் திகதியையும் நேரத்தையும் பாருங்கள். கடையில் கனகாலம் கிடந்த மெஷினில் திகதி பிழையாக இருந்தால் இணையத்தளங்கள் எல்லாம் "பாதுகாப்பில்லை" என்று மறுக்கும். திகதியைச் சரியாக்கினால் திறக்கும். அடுத்து, வைபை விபரத்தில் ஐபி இலக்கம் இருக்கும். 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் இலக்கம் கொடுத்திருக்கிறது, நல்லது. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் இலக்கம் கொடுக்கவில்லை, லப்டொப் தனக்குத் தானே ஒரு இலக்கம் போட்டுக்கொண்டது. ரவுட்டரை நிற்பாட்டிப் போடுங்கள், மறுபடி இணையுங்கள். கடைசி முயற்சியாக விண்டோஸ் செட்டிங்கில் "நெட்வேர்க் ரீசெட்" இருக்கிறது. அது நெட்வேர்க் செட்டிங்கை மட்டும்தான் புதிதாக்கும். உங்கள் பைல் ஒன்றும் அழியாது. போமட்டுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

6. வைபை இல்லாமலும் இணைக்கலாம்.
இதை நல்லாக் கவனியுங்கள். போன் சார்ஜ் பண்ணுகிற யூஎஸ்பி வயரால் அன்ட்ரொய்ட் போனை லப்டொப்பில் குத்துங்கள். போனில் ஹொட்ஸ்பொட் இருக்கிற இடத்தில் "யூஎஸ்பி டெதரிங்" என்று ஒன்று இருக்கும். அதைப் போடுங்கள். வைபை டிரைவர் இல்லாத லப்டொப்புக்கும் இன்டர்நெட் வந்துவிடும். போன் வீட்டு வைபையில் நின்றால் பெரும்பாலான போன்கள் அதையே வயரால் கொடுக்கும், கார்ட் டேட்டா குறையாது. வந்தவுடன் விண்டோஸ் அப்டேட்டில் டிரைவர் தேடுங்கள். அல்லது லப்டொப் கம்பனியின் தளத்தில் மொடல் இலக்கத்தை அடித்து வைபை டிரைவரை இறக்குங்கள். ரவுட்டரில் இருந்து லேன் வயர் குத்தினாலும் சரி. வவுனியாவுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. வீட்டில் கிடக்கிற சார்ஜர் வயர் போதும்.

இவ்வளவுதான் விஷயம். ஏழாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஒரு பாடவேளையில் சொல்லிக் கொடுக்கலாம். அப்படியென்றால் ஏன் யாரும் சொல்லவில்லை?

ஏனென்றால் நமக்கு விளங்காமல் இருப்பதில் பல பேருக்கு வசதி இருக்கிறது.

முதல் ஆள் விண்டோஸ் செய்கிற கம்பனி. 2021 ஒக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. அதில் வீட்டுப் பாவனைக்கான ஹோம் பதிப்பு, முதன்முதல் திறக்கும்போதே இன்டர்நெட்டும் மைக்ரோசொப்ட் கணக்கும் கேட்கிறது. இல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. 2022 இல் புரோ பதிப்புக்கும் அதே நிபந்தனை. இன்டர்நெட் இல்லாமல் தாண்டிப் போக ஒரு குறுக்கு வழி இருந்தது, 2025 இல் சோதனைப் பதிப்புகளில் அதையும் அடைக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் இருந்து யோசிக்கிறவனுக்கு இன்டர்நெட் என்பது பைப்பைத் திறந்தால் தண்ணீர் வருவது மாதிரி. நம்மட வீட்டில் பிள்ளை அந்தத் திரையிலேயே நின்று, "லப்டொப் பழுது" என்று அழுகிறது. லப்டொப்பில் ஒரு பழுதும் இல்லை. வாசலிலேயே மறிக்கிறார்கள், அவ்வளவுதான். 6 ஆவதாகச் சொன்ன வயர் வழி அங்கேயும் கைகொடுக்கும்.

இரண்டாவது ஆள் லைன் தருகிற கம்பனிகள். விற்க வரும்போது நல்ல தமிழ். பிழை சொல்ல எடுத்தால் தமிழுக்கு ஒரு இலக்கத்தை அமத்தச் சொல்லி, பிறகு பாட்டுப் போட்டுக் காக்க வைப்பது. கடைசியில் வருகிறவர் ஆங்கிலத்தில் ஐந்து கேள்வி கேட்பார். 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி ஆனது. அரச நிறுவனத்துக்கு அது சட்டம். தனியார் கம்பனிக்கு, மாதா மாதம் காசு கட்டுகிற மனிசருக்குக் கொடுக்க வேண்டிய ஆகக்குறைந்த மரியாதை. ரவுட்டர் பெட்டிக்குள் தமிழில் ஒரு பக்கத் தாள் வைப்பதற்கு எவ்வளவு செலவாகும்?

இன்னுமொன்றை இவர்கள் சொல்வதில்லை. புது லப்டொப் இணைந்த முதல் நாளே விண்டோஸ் பல ஜிபி அப்டேட்டைச் சத்தமில்லாமல் இறக்கும். நம்மட வீடுகளில் இருப்பது அளவு வைத்த பெக்கேஜ். ஒரே இரவில் டேட்டா முடியும், அடுத்த நாள் ஒன்றும் ஓடாது. உடனே "லப்டொப் வந்து லைனைக் கெடுத்துட்டுது" என்று பிள்ளைக்கு ஏச்சு. இதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. செட்டிங்கில் உங்கள் வைபை பெயரைத் திறந்து "மீட்டர்ட் கனெக்சன்" என்பதை ஒன் பண்ணுங்கள். பெரிய அப்டேட்கள் தானாக இறங்குவது நிற்கும். அப்டேட்டே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள், அது பாதுகாப்புக்குத் தேவை. இரவு டேட்டா தருகிற பெக்கேஜ் என்றால் அந்த நேரத்தில் நீங்களே இறக்குங்கள்.

மூன்றாவது ஆள் "போமட்" கடை. நேர்மையாகத் திருத்துகிற தம்பிமார் இருக்கிறார்கள். என்ன பிழை என்று முகத்துக்கு நேரே காட்டி, சின்ன வேலைக்குக் காசு வாங்காமல் அனுப்புகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு என் சலாம். நான் சொல்வது எல்லா வருத்தத்துக்கும் ஒரே குளிசை கொடுக்கிறவர்களை. போமட் அடித்தால் லப்டொப் கம்பனி போட்டு அனுப்பிய டிரைவர் எல்லாம் போகும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் விண்டோஸ் இருந்த இடத்தில் கள்ள விண்டோஸ் வரும். ஏற்கெனவே அப்படி நடந்தவர்கள் பயப்பட வேண்டாம். ஒரிஜினல் விண்டோஸோடு வந்த இப்போதைய லப்டொப்களில் அதன் இலக்கம் மதர்போட்டிலேயே பதிந்திருக்கும். அதே ஹோம் பதிப்பை மைக்ரோசொப்ட் தளத்தில் இருந்து இறக்கிப் போட்டால் தானாக எடுத்துக்கொள்ளும்.

"சேர், சின்ன விஷயத்தைப் பெருசாக்குறீங்க" என்று சிலர் சொல்வீர்கள். சின்ன விஷயமா? 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டினபோது படிப்பு முழுக்க வாட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போனது. 2021 இல் பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவவில் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை ஏறினதை உலகமே படம் பார்த்தது. இங்கே மரத்திலும் குளக்கட்டிலும் நின்றவர்களை யாரும் படம் எடுக்கவில்லை. அப்போது எல்லாரும் சொன்னது "கருவி இல்லை" என்று. இப்போது கடன்பட்டுக் கருவி வாங்கிவிட்டோம். கருவி மேசையில் இருக்கிறது, லைன் சுவரில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் பிள்ளை மறுபடியும் வெளியே நிற்கிறது. அப்போது இருந்த தடை சிக்னல். இப்போது இருக்கிற தடை, சொல்லித் தராமை.

"போனே போதும்" என்பார்கள் இன்னும் சிலர். வீடியோ பார்க்கப் போன் போதும். ஒப்படை எழுத, புரோகிராம் பழக, பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை கொடுக்கப் போன் போதாது. தொழிநுட்பப் பிரிவு எடுத்த பிள்ளையிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

"எங்கட சனத்துக்கு மெஷின் விளங்காது" என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 90 களில் பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் பட்டரி வர விடவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது இந்தச் சனம். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினது இந்தச் சனம். அந்த அப்பாவுக்குப் பிறந்த பிள்ளைக்கு ஒரு விமானப் படப் பட்டன் விளங்காதா? விளங்கும். அன்றைக்கு ஒருவருக்கொருவர் காட்டிக் கொடுத்தோம். இன்றைக்குக் காசு கொடுத்து வாய் மூடி நிற்கிறோம். அதுதான் வித்தியாசம்.

இனி என்ன செய்வது?

லப்டொப் வாங்கும்போது கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். உங்கள் போன் ஹொட்ஸ்பொட்டில் உங்கள் கண்முன்னே இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கே இணைந்தால் வைபை கார்ட் நல்லது என்று தெரிந்துவிடும், பிறகு வீட்டில் வரும் பிரச்சினைக்கு "கார்ட் பழுது" என்று யாரும் கதை விட முடியாது. விண்டோஸ் ஒரிஜினலா என்று கேளுங்கள்.

பில் வாங்குங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. திருத்தக் கொடுத்தாலும் என்ன செய்தோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உத்தரவாதப்படி நடக்காவிட்டால் நுகர்வோர் அதிகாரசபைக்கு 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம், 1977 க்கு அழைத்தும் கேட்கலாம்.

பாடசாலைகளுக்கும் சொல்கிறேன், எங்கட பாடசாலையையும் சேர்த்துத்தான். ஐசிடி பாடத்தில் கணினியின் தலைமுறைகளைப் பாடமாக்க வைக்கிறோம். வைபை பிடிக்காவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது என்று பிள்ளைக்குத் தெரியாது. ஒரு பழைய ரவுட்டர், ஒரு லப்டொப், ஒரு வயர், ஒரு பாடவேளை. இதற்குச் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கோயில் மண்டபமோ, தேவாலய மண்டபமோ, பள்ளிவாசலோ, வாசிகசாலையோ, யார் இடம் தந்தாலும் சனிக்கிழமை பின்நேரம் நான் வந்து சொல்லித் தருகிறேன். காசு இல்லை. ஒரு நிபந்தனை மட்டும்: லப்டொப்பை அண்ணாவிடம் கொடுத்து விடக் கூடாது. படிக்கிற பிள்ளையே கொண்டுவர வேண்டும். பொம்பிளைப் பிள்ளை என்றால் கட்டாயம் அவளே கையால் செய்ய வேண்டும்.

அதுவரைக்கும் மேலே எழுதின ஆறு படியையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பிரச்சினை வந்தால் எந்தப் படியில் நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பிள்ளைக்கு ஏசுவதற்கு முதல் முதலாம் படியைப் பாருங்கள்.

பிரயோசனமாக இருந்தால் பகிருங்கள். பேஸ்புக் இல்லாத பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.